வீட்டு வாத்தும் குஞ்சும்: தண்ணீர், தரை, தீவனம்

வாத்து வளர்க்கத் தொடங்குபவர் காதில் விழும் அறிவுரைகளில் பெரும்பாலானவை கோழிக்காகச் சொல்லப்பட்டவை. கூடு, தீவனம், மருந்து, தண்ணீர்க் குப்பி என்று எல்லாமே கோழி வளர்ப்பிலிருந்துதான் வந்து சேர்கின்றன. வாத்து கெட்டியான பறவை. பொருந்தாத ஏற்பாட்டையும் தாங்கிக்கொண்டு பல மாதம் ஓட்டிவிடும். பிறகு ஒரு நாள் கால்களை இழுத்து நடக்கும், அல்லது மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடும். "நேற்று வரைக்கும் நன்றாகத்தானே இருந்தது" என்று வளர்ப்பவர் திகைப்பார். நேற்றே உடம்பு சரியில்லாமல்தான் இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. வேட்டையாடப்படும் பறவைகள் முடிந்தவரை நோயை மறைக்கும். அது வெளியே தெரிகிறது என்றாலே மறைக்கத் தெம்பில்லை என்று பொருள்.

வீட்டு வாத்துகளுக்கு வரும் தொல்லைகளின் வேரைத் தேடிப் போனால் அது பெரும்பாலும் தண்ணீரிலோ தரையிலோ தீவனத்திலோதான் இருக்கும். தொற்றுநோய்கள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் இந்த மூன்றையும் வாத்துக்கு ஏற்றபடி அமைத்துவிட்டால் மருந்துப் பெட்டியைத் திறக்கும் வேளைகள் மிகவும் குறைந்துவிடும்.

முதல் வாரங்கள்

முட்டையை உடைத்து வரும் குஞ்சு மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. அதனால் முதல் 24 மணி நேரம் தீவனமில்லாமல் தாங்கும். உடல் முழுக்கக் காய்ந்து புசுபுசுவென்று ஆன பிறகு அதைச் சூடான பெட்டிக்கு மாற்றி, முதலில் தண்ணீரைக் காட்ட வேண்டும். அலகு நுனியை ஒருமுறை தண்ணீரில் தொட்டுவிட்டால் போதும், கற்றுக்கொள்ளும். மாற்றும்போதே தொப்புளைப் பார்த்துவிடுங்கள். காய்ந்து மூடியிருந்தால் நல்லது. ஈரமாகவோ சிவந்து வீங்கியோ நாற்றத்தோடோ இருந்தால் தொற்று ஏறுகிறது. வெளிர் தேநீர் நிறத்துக்கு நீர்த்த பொவிடோன் அயோடின் கிருமிநாசினியைப் பஞ்சில் தொட்டு வைத்து, குஞ்சைச் சுத்தமான துணியில் தனியே விடுங்கள். வயிறு உப்பி, தொட்டால் களகளவென்று இருந்து, குஞ்சும் சோர்ந்திருந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

சூடு முதல் வாரம் 32 டிகிரி செல்சியஸ் அளவில் போதும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து, வெளி வெப்பநிலைக்குக் கொண்டுவரலாம். வாத்துக்குஞ்சு கோழிக்குஞ்சைவிட வேகமாக வளர்வதால் சூட்டின் தேவையும் சீக்கிரம் குறையும். முழு இறகு வர ஏழெட்டு வாரமாகும். அதுவரை குளிர்ந்த இரவுகளில் காப்பு வேண்டும். வெப்பமானியைக் குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். பெட்டியின் சுவரில் மாட்டிய மானி வேறு ஏதோ ஒன்றைச் சொல்லும். மானியைவிட நம்பகமான சாட்சி குஞ்சுகளே. விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கீச்சிட்டால் குளிர்கிறது. ஓரங்களில் ஒதுங்கி அலகைத் திறந்து மூச்சுவிட்டால் வெக்கை. பரவலாகப் படுத்து, ஒன்றிரண்டு கழுத்தை நீட்டித் தூங்கினால் சூடு சரி. அவை தாமாகவே இடம் மாறிக்கொள்ள வசதியாக விளக்கைப் பெட்டியின் ஒரு முனையில் மட்டும் வையுங்கள். அந்த விளக்கைக் கிளிப்பை மட்டும் நம்பி மாட்டக்கூடாது. சங்கிலியில் தொங்கவிட வேண்டும். காய்ந்த கூளத்தில் விளக்கு விழுந்தால் தீப்பிடிக்கும். முடிந்தால் விளக்குக்குப் பதில் வெப்பத் தட்டு வாங்குங்கள், அதில் அந்த ஆபத்து மிகக் குறைவு.

பெட்டியின் தரையில் செய்தித்தாள் விரிப்பது தொடக்கக்காரர்கள் செய்கிற மிகப் பெரிய கேடு. ஈரமான தாள் வழுக்கும். வழுக்கும் தரையில் ஓரிரு நாள் நின்றாலே குஞ்சின் கால்கள் இரு பக்கமும் அகன்று, எழ முடியாமல் போய்விடும். முதல் சில நாட்களுக்குச் சொரசொரப்பான துண்டு அல்லது ரப்பர் விரிப்பு போடுங்கள். பிறகு பெரிய மரச்சீவல் போடலாம். மாவாக இருக்கும் மரத்தூளைக் குஞ்சுகள் தின்னும். சிடார் மரச்சீவலின் எண்ணெய் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். கால் அகன்றுவிட்டால் உடனே கவனிக்க வேண்டும். தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜை மெல்லிய பட்டையாக வெட்டி, இரு கால்களும் இடுப்பகலத்தில் நிற்கும்படி எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். சொரசொரப்பான தரையில் விட்டு, ஒவ்வொரு நாளும் அவிழ்த்துப் பார்த்துக் கட்டினால் பெரும்பாலும் சில நாட்களில் நிமிர்ந்துவிடும். கட்டோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியே விடவே கூடாது. ஒரு வாரம் தாமதித்தால் இதே கட்டு அந்த அளவுக்கு வேலை செய்யாது.

குஞ்சுகள் தண்ணீரைக் குடிப்பதைவிடச் சிதறடிப்பது அதிகம். நனைந்த கூளத்தில் சூடும் சேரும்போது பூஞ்சணம் பிடிக்கும். அதன் வித்துகளை மூச்சில் இழுத்தால் ஆஸ்பர்ஜில்லோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும்: அலகைத் திறந்து மூச்சிரைத்தல், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்குதல், குரல் மாறுதல். இதைக் குணப்படுத்துவது மிகவும் கடினம், தடுப்பது எளிது. அகலமான தட்டு ஒன்றின்மேல் சிறுகண் வலையைப் பொருத்தி, அதன்மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வையுங்கள். சிந்துவது வலை வழியே தட்டில் இறங்கும், கூளம் காய்ந்தே இருக்கும். இந்தச் சின்ன ஏற்பாட்டைப் போல் பயன் தரும் வேறொன்று குஞ்சுப் பெட்டியில் இல்லை. கூளத்தைக் கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரியக்கூடாது. அம்மோனியா நெடி உங்கள் மூக்கில் ஏறினால், தரையோடு ஒட்டி வாழும் குஞ்சின் கண்ணில் அது அதற்கு முன்பே ஏறியிருக்கும்.

நீச்சலைப் பொறுத்தவரை, தாய் வாத்தோடு இருக்கும் குஞ்சு நனைந்தாலும் தாயின் சிறகடியில் போய்க் காய்ந்துகொள்ளும். பெட்டியில் வளரும் குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. சில நாள் வயதானதும் கால் தரையில் எட்டும் ஆழத்தில், வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடம் விடலாம். கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே இருங்கள். எடுத்ததும் துண்டால் ஒற்றி, சூடான முனையில் விட வேண்டும். நீரில் உடல் தாழத் தொடங்கினால், அல்லது நடுங்கினால், அன்றைக்கு அவ்வளவுதான்.

நியாசின்: கோழித் தீவனம் மறந்துவிடுகிற சத்து

வாத்துக்குஞ்சின் கால் நோய்களில் மிக அதிகமாகத் தவிர்க்கக்கூடியது இதுதான். கோழியின் உடல் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நியாசினை, அதாவது வைட்டமின் பி3-ஐ ஓரளவு உண்டாக்கிக்கொள்ளும். வாத்துக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதனால் தீவனத்திலேயே கிலோவுக்கு 55 மி.கி. அளவில் நியாசின் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும். வாத்துக்கென்றே தயாரித்த தீவனம் கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காதபோது மருந்து கலக்காத கோழிக்குஞ்சுத் தீவனத்தை எடுத்து, ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்) தூளைக் கலக்கலாம். தூள் அடியில் தங்கிவிடும் என்பதால் தீவனத்தை லேசாக நனைத்துப் புரட்டுங்கள். நனைத்ததைச் சில மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், புளித்துவிடும். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டை இதற்குப் பயன்படுத்தக்கூடாது, வயிற்றில் பொங்கும்.

இன்னொரு வழி, 4 லிட்டர் குடிநீரில் 100 முதல் 150 மி.கி. நியாசின் கரைத்து, தினமும் புதிதாக மாற்றுவது. மாத்திரையை வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். மெதுவாகக் கரையும் வகையும், முகம் சிவக்காது என்று விற்கப்படும் வகையும் இதற்கு உதவாது.

குறை இருந்தால் எப்படித் தெரியும்? குஞ்சு மற்றவற்றைவிட அதிக நேரம் உட்கார்ந்தே இருக்கும். எழுந்தால் இரண்டடி வைத்து மறுபடி உட்காரும். கணுக்கால் மூட்டு தடித்து, கால் வில்லாக வளையும். சில குஞ்சுகள் மூட்டையே ஊன்றி நகரும். முதல் நிலையில் நியாசின் கொடுத்தால் ஓரிரு நாளிலேயே நடையில் மாற்றம் தெரியும். எலும்பு வளைந்து கெட்டியான பிறகு சத்து நிரம்பினாலும் வளைவு போகாது. அதனால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் முதல் நாளிலிருந்தே சேர்ப்பதுதான் முறை.

புரதத்தில் தவறு எதிர்ப்பக்கம் நடக்கும். முதல் இரண்டு வாரம் 20 முதல் 22 சதவீதம் புரதம் சரி. அதற்குப் பிறகும் அதே தீவனத்தை வரம்பில்லாமல் கொட்டினால் உடல் அளவுக்கு மீறி வேகமாக வளரும். இரத்தம் நிறைந்த புது இறகுகளின் பாரத்தை இறக்கையின் கடைசி மூட்டு தாங்காமல் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். இறக்கை நுனி விமானத்தின் சிறகு போல் பக்கவாட்டில் நீட்டி நிற்பது இதனால்தான். மூன்றாம் வாரத்திலிருந்து 16 முதல் 18 சதவீதத்துக்கு இறக்கி, பசுங்கீரையும் புல்லும் கொடுத்து நடக்க விட வேண்டும். நுனி திரும்பத் தொடங்கியதைப் பார்த்த அன்றே இறக்கையை இயல்பாக மடக்கி, அதன்மீதே பேண்டேஜ் சுற்றுங்கள். கட்டு இறக்கையோடு நிற்க வேண்டும். மார்பைச் சுற்றி இறுக்கினால் மூச்சு தடைபடும். தினமும் அவிழ்த்துச் சற்று நேரம் இறக்கையை அசைக்க விட்டு மறுபடி கட்டினால், ஆரம்பத்தில் கண்டதென்றால் மூன்று முதல் ஐந்து நாளில் பெரும்பாலும் சரியாகும். வளர்ந்து முடிந்த வாத்துக்கு இது திரும்பாது. பார்க்க ஒருமாதிரி இருக்குமே தவிர அதற்கு வலி கிடையாது, நன்றாகவே வாழும்.

தலை மூழ்கும் ஆழம்

வளர்ந்த வாத்துக்குக் குளம் கட்டாயமில்லை. ஆனால் கண் வரைக்கும் தலையை மூழ்கடிக்கும் ஆழத்தில் தண்ணீர் கட்டாயம் வேண்டும். வாத்து சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு வாய் தீவனம் எடுக்கும், உடனே தண்ணீருக்கு ஓடும். அலகைக் கண் வரை முக்கி, மூக்குத் துளை வழியே குமிழ் விட்டு, தலையை இரு பக்கமும் உதறும். ஒட்டிய தீவனமும் சேறும் அந்த உதறலில் தெறித்துப் போகும். பிறகு மறுபடி தீவனத்துக்கு வரும். இதற்கு வழியில்லாமல் கோழிக்கான குப்பியை மட்டும் வைத்தால், மூக்குத் துளை அடைபடும், கண்ணோரத்தில் நுரை கட்டும், நாளடைவில் கண்ணுக்குக் கீழே உள்ள பகுதி வீங்கும். நுரை மட்டும் என்றால் உப்புக் கரைசலால் கழுவி, ஆழமான சுத்தமான தண்ணீர் கொடுத்தாலே பல நேரம் அடங்கிவிடும். கன்னம் வீங்கினாலோ, மூக்கிலிருந்து ஒழுகினாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ அது மைக்கோபிளாஸ்மா போன்ற தொற்றாக இருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டும்.

தண்ணீரில்லாத இடத்தில் தீவனம் இருக்கவே கூடாது. உலர்ந்த தீவனம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இரவில் கூட்டுக்குள் தண்ணீர் வைக்க முடியாதென்றால் தீவனத்தையும் எடுத்துவிடுங்கள். வெக்கை இல்லாத இரவில் வளர்ந்த வாத்துகள் இரண்டும் இல்லாமல் விடியும் வரை இருக்கும். குஞ்சுகளுக்கு மட்டும் இரண்டும் எப்போதும் வேண்டும்.

குளிக்க வழியில்லாத வாத்தின் இறகு நீரை விலக்கும் தன்மையை இழந்துவிடும். மழையில் நனைந்து ஒட்டி, அழுக்கேறிக் குளிரும். வால் தொடங்கும் இடத்தில் மேற்பக்கமாக இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தேய்த்து இறகெங்கும் பூசிக்கொள்வதற்கு முதலில் குளித்தாக வேண்டும். உடல் முழுவதும் இறங்கக்கூடிய தொட்டியை வாரத்துக்குச் சில நாளாவது நிரப்பிக் கொடுங்கள். அழுக்குத் தண்ணீரை வைத்தே குளித்துக்கொண்டிருந்தாலும் இதே கேடு வரும். இறகு திரும்பத் தேற அடுத்த இறகுதிர்வு வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

தேங்கிய தண்ணீருக்கு இன்னொரு முகம் உண்டு, அதுதான் பயங்கரமானது. வெக்கையான நாட்களில் குட்டையின் அடியில் அழுகும் இலைதழையிலும் செத்த உயிர்களிலும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா நச்சை உண்டாக்கும். பிணத்தில் நெளியும் புழுக்களுக்கு அந்த நச்சால் ஒன்றும் ஆகாது. அவற்றின் உடலில் அது சேரும். அந்தப் புழுக்களைத் தின்ற வாத்துக்குக் கால் முதலில் தளரும், பிறகு இறக்கை, கடைசியில் கழுத்து நிற்காமல் சரியும். தண்ணீரில் இருந்தால் தலையைத் தூக்க முடியாமல் மூழ்கிச் சாகும். தளர்ச்சி தெரிந்த உடனே எல்லா வாத்துகளையும் அந்த இடத்திலிருந்து வெளியேற்றி மருத்துவரிடம் ஓட வேண்டும். நச்சுமுறிவு மருந்து வேளையோடு கிடைத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. செத்த எலி, பறவை, தவளை எதையும் வளாகத்தில் ஒரு நாள்கூடக் கிடக்க விடாதீர்கள்.

பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்

வாரம் ஒருமுறை ஒவ்வொரு வாத்தையும் தூக்க வேண்டும். காலையோ ஒற்றை இறக்கையையோ பிடித்துத் தூக்கக்கூடாது. வாத்தின் கால் உடலுக்கு ஏற்ற வலு இல்லாதது, எளிதில் பிசகும். இரண்டு இறக்கைகளையும் உடலோடு சேர்த்து மூடிப் பிடித்து, ஒரு கையை அடியில் கொடுத்து, இடுப்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பிறகு பாதத்தை ஈரத் துணியால் துடைத்து, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பாதம் மெத்தென்றும் ஒரே நிறமாகவும் இருக்கும். நடுத் திண்டில் தடித்த தோல் தெரிந்தால் அது எச்சரிக்கை. கறுப்பு வட்டமாகப் பொருக்கு தட்டியிருந்தால் பம்பிள்ஃபுட் எனப்படும் பாதக் கட்டி. கல், சிமென்ட், கம்பித் தரை, அதிக எடை, உயரத்திலிருந்து குதிப்பது, இவற்றால் தோல் கிழிய, ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா உள்ளே போய்ச் சீழ் கட்டும். பறவையின் சீழ் நீர்த்து ஒழுகாது. பாலாடைக்கட்டி போல் கெட்டியாக உள்ளேயே உறையும், அதனால் தானாக வடியும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

தோல் தடித்த நிலையில் வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பு கரைத்து 10, 15 நிமிடம் பாதத்தை ஊறவைத்து, துடைத்து, நீர்த்த பொவிடோன் அயோடின் தடவி, கட்டுப் போட்டு, மென்மையான காய்ந்த கூளத்தில் சில நாள் வைத்தால் அடங்கும். ஊறும் தண்ணீரை அது குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எப்சம் உப்பு பேதியாக்கும். பாதம் வீங்கிச் சூடாக இருந்தாலோ நொண்டினாலோ வீட்டில் கத்தி எடுக்காதீர்கள். தொற்று மூட்டுக்கும் எலும்புக்கும் ஏறிவிடக்கூடியது. மருத்துவர் மயக்கம் கொடுத்து எடுப்பதுதான் வழி. அதோடு தரையை மாற்றாவிட்டால் ஆறிய பாதத்திலேயே மறுபடி வரும்.

தூக்கி வைத்திருக்கும்போதே இரண்டு வேலை முடித்துவிடலாம். மார்பெலும்பை விரலால் தடவிப் பாருங்கள்: கத்தி முனை போல் துருத்தினால் மெலிந்திருக்கிறது, எலும்பே தட்டுப்படவில்லை என்றால் கொழுத்திருக்கிறது. பிறகு எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசு போதும், வாத்தை ஒரு வாளியில் உட்கார வைத்தால் அமைதியாக இருக்கும். வெளியே எந்த மாற்றமும் தெரியாத நாட்களில் எடை மட்டும்தான் உண்மையைச் சொல்லும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் காரணம் தேட வேண்டிய நேரம்.

வயிற்றுக்குள் போகிறவை

பூஞ்சணம் பிடித்த தீவனம் வாத்துக்கு நஞ்சு, அதுவும் குஞ்சுக்குக் கொடிய நஞ்சு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கில்தான் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படித்தான் அஃப்லாடாக்சின் என்ற நச்சு தெரியவந்தது. அந்த நச்சைச் சோதிக்க ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தது வாத்துக்குஞ்சை. மிகச் சிறிய அளவுக்கே அதன் ஈரல் கெட்டுவிடும் என்பதுதான் காரணம். அதனால் கட்டி தட்டிய, புழுங்கிய வாடை அடிக்கிற தீவனத்தை உதறிக் காயவைத்துப் போடுவது சிக்கனமே அல்ல. காயவைத்தால் பூஞ்சணம் சாகலாம், நச்சு அப்படியே இருக்கும். சில வாரத்தில் தீரும் அளவுக்கே வாங்கி, மூடிய டப்பாவில், தரையில் படாமல் வையுங்கள்.

ரொட்டி வயிற்றை நிரப்பும், சத்தில்லை. அவகாடோ, சாக்லேட், வேகாத பயறு வகைகள், பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கு கூடவே கூடாது. தீவனம் தவிர வேறெதைத் தின்றாலும் அரைவைப்பைக்குச் சிறு கல் வேண்டும். பொடிக்கல்லைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். நீளமான புல், நூல், வைக்கோல் தொண்டைக்குக் கீழே பந்தாகச் சிக்கும், வெட்டிப் போடுங்கள்.

வாத்துக்குப் பளபளப்பானதை விழுங்கும் பழக்கம் உண்டு. ஸ்டேப்லர் ஊசி, திருகாணி, கம்பித் துண்டு, நாணயம் எதையும் விடாது. துத்தநாகமோ ஈயமோ அரைவைப்பையில் தங்கிக் கரைந்து இரத்தத்தில் ஏறும். சோர்வு, பச்சை எச்சம், தொங்கும் இறக்கை, தள்ளாடும் நடை, தின்றும் மெலிவது ஆகியவை அறிகுறிகள். எக்ஸ்ரேயில் உலோகம் தெரிந்துவிடும், உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தும் உண்டு. கூடு கட்டியோ பழுது பார்த்தோ முடித்தவுடன் காந்தத்தைத் தரை முழுக்க ஓட்டுங்கள். ஈயத்தையும் செம்பையும் காந்தம் இழுக்காது, அதனால் கண்ணாலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

முட்டையிடும் காலம்

முட்டையிடும் பெட்டைக்குக் கால்சியம் அதிகம் வேண்டும். ஆண் வாத்துக்கு அதே அளவு போனால் சிறுநீரகம் கெடும். கலந்து வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான தீவனம் கொடுத்து, கிளிஞ்சல் தூளைத் தனியே வைத்தால் தேவைப்பட்டது மட்டும் எடுத்துக்கொள்ளும். கெட்டி ஓடில்லாத தோல் முட்டை வந்தால் கால்சியம் போதவில்லை என்று பெரும்பாலும் பொருள். முட்டை உள்ளே சிக்கிய பெட்டை முக்கும், வாலை ஆட்டும், உடலைச் செங்குத்தாக நிமிர்த்தி நிற்கும், தின்னாது. இளஞ்சூட்டு நீரில் 20, 30 நிமிடம் உட்கார வைத்து, பிறகு இருட்டான சூடான இடத்தில் விடுங்கள். வயிற்றை அழுத்தக்கூடாது, முட்டையை உள்ளேயே உடைக்க முயலவும் கூடாது. சில மணி நேரத்தில் வராவிட்டால் மருத்துவர்தான்.

ஒரு ஆணுக்கு நான்கைந்து பெட்டையாவது இருக்க வேண்டும். குறைந்தால் பெட்டையின் பிடரி இறகு உதிர்ந்து, தோல் கிழிந்து, சில நேரம் கண்ணிலும் காயம் படும். ஆண் வாத்தின் உறுப்பு வெளியே வந்து உள்ளே போகாமல் நிற்பதும் உண்டு. சுத்தமான குளிர்ந்த நீரில் கழுவி, நீரில் கரையும் வழவழப்பான ஜெல் பூசி, காயவிடாமல் ஈரத்தில் தனியே வைத்து, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ந்து கறுத்தால் அகற்ற வேண்டிவரும். அகற்றினாலும் எச்சம் போவதற்குத் தடையில்லை.

இறகுதிர்வை நோயென்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். வாத்து இறக்கையின் பெரிய இறகுகளை ஒரே சமயத்தில் உதிர்க்கும். சுணங்கியிருக்கும், முட்டை நிற்கும், தொட்டால் விலகும். புது இறகின் குழாயில் இரத்தம் ஓடுவதால் வலிக்கும். முறிந்து இரத்தம் கசிந்தால் சோளமாவை வைத்துச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

தொற்றுகள்

வாத்து பிளேக் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் நோய். வளர்ந்த வாத்துகளே திடீரென்று செத்து விழும். தாகம், வெளிச்சத்துக்குக் கண் கூசுதல், இரத்தம் கலந்த கழிச்சல் காணும். வைரஸ் ஈரல் அழற்சி ஆறு வாரத்துக்குட்பட்ட குஞ்சுகளைத் தாக்கும். தலை முதுகுப் பக்கம் வளைந்து, அறிகுறி தெரிந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் குஞ்சு போய்விடும். ரீமெரெல்லா என்ற பாக்டீரியாவும் குஞ்சுகளின் எதிரி: கண்ணில் நீர் வடிதல், தலை நடுக்கம், மல்லாந்து கால்களைத் துடுப்பு போல் ஆட்டுதல். முதல் இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு, எந்த வயதில் எது என்பதை உங்கள் பகுதியின் நோய் நிலவரம் அறிந்த மருத்துவர் சொல்வார். பறவைக் காய்ச்சலில் வாத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. அறிகுறியே இல்லாமல் வைரஸைச் சுமந்து பரப்பக்கூடியது. காட்டு நீர்ப்பறவைகள் வந்திறங்கும் நீரில் விடாதீர்கள், தீவனத்தைத் திறந்து வைக்காதீர்கள். பல பறவைகள் ஒரே நேரத்தில் செத்தால் உடலைத் திறந்து பார்க்காமல் அரசின் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

புதிதாக வரும் வாத்தை 30 நாள் தனியே வையுங்கள். தனிப் பாத்திரம், தனிச் செருப்பு, வேலையும் கடைசியில் அங்கே. நலமாகத் தெரியும் வாத்தும் சால்மோனெல்லா என்ற குடல்நோய்க் கிருமியைச் சுமக்கலாம் என்பதால் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் குஞ்சுகளைக் கொஞ்சுவதும் முத்தமிடுவதும் வேண்டாம். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் வேண்டாம்.

உடம்பு சரியில்லை என்று தெரிந்தால்

முதல் வேலை சூடு. பறவையின் இயல்பான உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டும். நோய்ப்பட்டது அதைக் காக்க முடியாமல்தான் இறகைச் சிலிர்த்து உட்காருகிறது. 27 முதல் 30 டிகிரி அளவில் இருக்கும் அமைதியான இடத்தில், மென்மையான துணிமேல் வையுங்கள். வாத்து தனிமையில் இன்னும் சுருங்கும், அதனால் ஜோடியைக் கம்பி வலைக்கு அப்பால் கண்ணில் படும்படி விடுங்கள். வெக்கையில் மயங்கியதென்றால் மட்டும் எதிர்வழி: நிழல், பாதத்தில் குளிர்ந்த நீர், காற்று. ஐஸ் தண்ணீரில் முக்கக்கூடாது.

அடுத்தது எடை, பிறகு எச்சம். வெள்ளைக் காகிதம் விரித்து ஒரு மணி நேரம் வைத்தால் எச்சத்தின் நிறம் தெரியும். அடர் பச்சை என்றால் தின்னவில்லை, அல்லது ஈரலிலோ உலோகத்திலோ சிக்கல். இரத்தம் தெரிந்தால் கோக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி முதல் பிளேக் வரை எதுவாகவும் இருக்கலாம். அந்தக் காகிதத்தையே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

குடிநீரில் எலெக்ட்ரோலைட் என்ற உப்புச்சத்துப் பொடி கலந்து அலகருகில் வையுங்கள். குடிக்காவிட்டால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, அதுவாக விழுங்கக் காத்திருங்கள். வாயைத் திறந்து சிரிஞ்சால் பீய்ச்சினால் நாக்கின் பின்முனையில் இருக்கும் மூச்சுத் துளைக்குள் போய்விடும். உடம்பு குளிர்ந்திருக்கும் பறவைக்கும் கழுத்து நிற்காத பறவைக்கும் வாயில் எதுவும் ஊற்றவே வேண்டாம்.

கையிருப்பில் இருக்கிற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்ப்பது மிகவும் கெட்ட பழக்கம். நோய் வைரஸாகவோ பூஞ்சணமாகவோ நச்சாகவோ இருந்தால் அது எதுவும் செய்யாது, சோதனை முடிவை மட்டும் குழப்பும். கோழிக்குப் போடும் கோக்சிடியா மருந்துகளில் சில வாத்துக்கு நஞ்சு. மருந்து கலந்த குஞ்சுத் தீவனத்தைத் தவிர்க்கச் சொல்வதும் அதனால்தான். மருத்துவர் மருந்து எழுதினால் எத்தனை நாள் முட்டையைத் தின்னக்கூடாது என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

காப்பாற்ற முடியாமல் போனால், மற்ற வாத்துகளுக்காகவாவது பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். உடலை இரட்டைப் பையில் கட்டிக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், உணவுப் பொருட்களிலிருந்து விலக்கி வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். உறைய வைத்தால் திசுக்கள் சிதைந்து, பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாமல் போகும். கூடவே அதன் எடைக் குறிப்பு, தின்ற தீவனத்தில் ஒரு கைப்பிடி, கொடுத்த மருந்தின் பெயர் ஆகியவற்றையும் கொடுத்தனுப்புங்கள்.